வெயிலில் நின்றுபோன புல்லட்

எதிர் வீட்டுப் பையன் பழைய புல்லட் ஒன்று வாங்கியிருக்கிறான். 1990ஆம் ஆண்டு வண்டி. காலையில் தெருவே அதிரக் கிளம்பும். மதிய வெயிலில் எங்காவது நின்றுவிடும். நிழலில் அரை மணி நேரம் போட்டுவைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். போன வாரம் வியர்வை சொட்டச் சொட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்களே, அதனாலயா இருக்குமா?" என்று கேட்டான். ஒருவர் ஜெட்டை மாற்றச் சொன்னாராம். இன்னொருவர், "இங்கிலீஷ்காரன் வண்டி, நம்ம வெயிலுக்குத் தாங்காது" என்றாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியோடு 1983இல் நானும் அலைந்திருக்கிறேன். இதே பதில்களைத்தான் எனக்கும் சொன்னார்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் பழைய வடாற்காடு மாவட்டத்தில், போளூர் பக்கம், கால்நடை ஆய்வாளராக இருந்தேன். வயது இருபத்தொன்பது. என் பொறுப்பில் இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள். பாதிக்கு மேல் பஸ் போகாத ஊர்கள். மூன்று வருடம் சைக்கிளில் சுற்றிவிட்டு, 1982 மார்கழியில், ஆரணியில் ஒரு அரிசி மண்டிக்காரரிடம் 1966ஆம் ஆண்டு புல்லட்டை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். பி.எஃப். முன்பணம் போதவில்லை. மனைவியின் வளையல் இரண்டும் சேர்ந்துதான் வண்டியானது. மண்டிக்காரர் நல்ல மனிதர். வண்டியில் குறை ஒன்றும் சொல்லவில்லை. மூட்டை தூக்குகிற பையன் மட்டும் நான் கிளம்பும்போது, "சார், வெயில் காலத்துல கொஞ்சம் மொரண்டு புடிக்கும்" என்றான். மார்கழிப் பனியில் அந்தப் பேச்சு என் காதில் ஏறவில்லை.

புல்லட் நம் ஊருக்கு வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்த இடத்தில் சொல்லவேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1930களிலிருந்தே புல்லட் என்ற பெயரில் வண்டி செய்துவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று தேடிய நம் இராணுவம், 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில். முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் தயாரிப்பே இங்கிலாந்தில் நின்றுபோனது. திருவொற்றியூரில் மட்டும் புல்லட் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. 1977இல் சென்னையில் செய்த புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டார்கள். நான் வண்டி வாங்கியபோது, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ராஜஸ்தான் பாலைவனத்தில் இராணுவம் ஓட்டிய வண்டி அது. ஆனாலும் டீக்கடையில் எவரைக் கேட்டாலும், "வெள்ளைக்காரன் குளிருக்குச் செஞ்சது சார்" என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

மாசி கடைசியில் முதல் தடவை நின்றது. பங்குனியில் வாரம் ஒருமுறை. சித்திரை பிறந்ததும், மதியத்தில் இருபது கிலோமீட்டர் தாண்டினால் நிற்பது உறுதி என்றாகிவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஒரு தடவை படபடவென்று வெடிக்கும், அவ்வளவுதான், உயிர் போய்விடும். எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, முறைப்படி உதைத்தாலும் அசையாது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கும், மூடியைத் திறந்து மூடு என்றார் ஒருவர். செய்தேன், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பியது. ஆஹா, கண்டுபிடித்துவிட்டோம் என்று ஊசியால் துளையைச் சுத்தம் செய்தேன். இரண்டு நாளில் மறுபடி நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் சூடேறி ஆவியாகிறது, ஈரத் துணி சுற்று என்றார் இன்னொருவர். சுற்றினேன், கிளம்பியது. மறுநாள் ஈரத் துணியோடே நின்றது. மூன்றாமவர் பிளக்கைக் கழற்றித் துடைத்து ஆறவைத்துப் போடச் சொன்னார். அதற்கும் கிளம்பியது. புது மைக்கோ பிளக் வாங்கிப் போட்டேன். அதோடும் நின்றது. சிறிய ஜெட் போட்டுப் பார்த்தோம். இழுவை குறைந்ததுதான் மிச்சம்.

போளூரில் மெக்கானிக்கிடம் விட்டால், அவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, "வண்டி கல்லு மாதிரி இருக்கு சார்" என்பார். அவர் முன்னால் அது நல்ல பிள்ளை.

இதெல்லாம் என் அலுப்போடு போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். அந்த நாளில் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற நோய் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். நம் ஜனங்கள் வைத்த பெயர் வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப் புண், கழிச்சல் என்று ஒரு வாரம் பத்து நாளில் தொழுவத்தையே காலி செய்துவிடும். மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பூசி போடுவது ஒன்றுதான் வழி. அந்த ஊசி மருந்து சூடு தாங்காது. பனிக்கட்டி போட்ட ஃபிளாஸ்க்கில் எடுத்துப் போகவேண்டும். உப்புநீரில் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். மருந்தும் பனிக்கட்டியும் எனக்குக் கையில் கிடைக்கக் காலை பத்தரை ஆகிவிடும். அதனால் வெயிலைத் தவிர்த்துப் போவது என்பது நடக்காத காரியம்.

மே மாதத்தில் ஒரு நாள், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். ஊரில் முதல் நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். பதினொன்றரைக்கு ஏரிக்கரை ஆலமரத்தடியில் மாடுகளை ஓட்டிவந்து வைக்கவேண்டும் என்று ஏற்பாடு. ஊருக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. அது வறட்சி ஆண்டு. சாலையோரப் புளியமரங்கள்கூட இலை வாடி நின்றன. மூடியைத் திறந்தேன், பிளக்கைத் துடைத்தேன், இருந்த குடிதண்ணீரைக் கார்புரேட்டர் மேல் ஊற்றினேன். ஒருவழியாகக் கிளம்பி, இரண்டு கிலோமீட்டரில் மறுபடி நின்றது. இன்னொரு தடவையும் நின்றது. ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. ஃபிளாஸ்க்கைத் திறந்தால் வெறும் தண்ணீர், அதுவும் கைக்கு வெதுவெதுப்பாக. மருந்தை நம்பி ஊசி போட முடியாது. கொட்டிவிட்டேன்.

மரத்தடியில் சாணம்தான் கிடந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் தன் இரண்டு மாடுகளோடு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "வேல கெட்டுப்போச்சு டாக்டரே. அடுத்த தடவ தண்டோரா போட்டா எவனும் வரமாட்டான்" என்றார். அவர் சொன்னது எனக்கு உறைத்தது. தடுப்பூசி போட்டால் மாடு பால் வற்றும், கன்று கலைந்துவிடும் என்று பயந்திருந்த ஜனங்களை வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் சம்மதிக்க வைத்திருந்தேன். ஒரு மதியத்தில் அதைத் தொலைத்துவிட்டேன்.

அந்த வாரமே வேலூர் போனேன். அங்கே ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். இராணுவத்தில் பல ஆண்டு புல்லட் பார்த்தவர் என்று சொல்லியிருந்தார்கள். வண்டியைத் தொடாமல் முதலில் என்னைத்தான் விசாரித்தார்.

"மூடியத் தொறந்தா கெளம்புச்சுன்னீங்க. எத்தன நேரம் கழிச்சு?"

"இருபது நிமிஷம் இருக்கும் பாய்."

"ஈரத் துணி?"

"அதுவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்."

"பிளக்கு?"

"கழற்றி, துடைத்து, மாட்டி, அதுவும் இருபது நிமிஷம்."

பாய் பீடியைக் கீழே போட்டார். "அப்ப வைத்தியம் பார்த்தது எல்லாம் நெழலுதான் சார். நீங்க சும்மா ஒக்காந்திருந்தாலும் கெளம்பியிருக்கும்."

மூன்று மாதமாக எனக்குத் தோன்றாத விஷயம் இது. ஒவ்வொரு வைத்தியத்துக்குள்ளும் ஒரு இருபது நிமிட ஓய்வு ஒளிந்திருந்தது. வண்டி ஆறியதால் கிளம்பியது; பெயர் வாங்கியதோ வைத்தியம். அதனால்தான் தப்பான காரணங்கள் எல்லாமே சரியானவை போலத் தெரிந்தன.

"இங்க வெச்சுப் பார்த்து ஒண்ணும் ஆகாது. அது நிக்கிற எடத்துல, நிக்கிற நேரத்துல பார்க்கணும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூருக்கு வந்து, மதியம் பன்னிரண்டரைக்கு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. ஜமுனாமரத்தூர் போகும் மலைச் சாலையில் ஏறினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். வெயிலால் வண்டி கெடுவதில் பல ஜாதி உண்டு என்றார். அவர் சொன்னதை அன்று இரவே என் பயணக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

சூடான காற்று லேசானது. நாற்பத்திரண்டு டிகிரிக் காற்றில், பதினைந்து டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும். அதனால் வண்டி மந்தமாகும், பிளக் கறுக்கும், ஆனால் செத்துப்போகாது. மூடித் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் தீர்ந்த வண்டிபோலத் திணறித் திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும்; காத்திருக்காமல் உடனே கிளம்பும். டேப்பெட் இறுக்கமாக இருந்தால், சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய்விடும். உதைக்கும்போது கிக்கர் லேசாகக் கீழே இறங்கும். இவை எதுவும் இல்லாமல், ஸ்விட்சை அணைத்ததுபோலப் பட்டென்று நின்றால், பார்க்கவேண்டியது கரண்ட்டை.

மலைச் சாலையில் எட்டாவது கிலோமீட்டரோ ஒன்பதாவதோ, படபடவென்று வெடித்து வண்டி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். வண்டி நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். வழக்கப்படி நிழலுக்குத் தள்ளப் போனேன். "தொடாதீங்க சார், வெயில்லயே நிக்கட்டும்" என்று தடுத்துவிட்டார்.

உதைத்துப் பார்த்தார்; கிக்கர் கனமாகவே இருந்தது. கம்ப்ரஷன் சரி. டேங்க் மூடியைத் திறந்தார், சத்தம் இல்லை. கார்புரேட்டர் பொத்தானை அழுத்தினார், பெட்ரோல் வழிந்தது. பிறகு என்ஜின் பக்கத்தில் சி.பி. பாயின்ட் மூடியைக் கழற்றி, மேலே தன் துண்டைப் போர்த்தி இருட்டாக்கி, என்னை உதைக்கச் சொன்னார். "நீங்களே பாருங்க" என்று என்னைக் குனிய வைத்து, அவர் உதைத்தார். பாயின்ட்டுகளுக்கு நடுவே வெல்டிங் வைப்பதுபோல வெள்ளையாக நெருப்புப் பறந்தது.

அந்த வண்டியில் பேட்டரி ஆறு வோல்ட்தான். அது காயில் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாக வேண்டும். பாயின்ட் திறக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் பட்டென்று அறுபட்டால்தான் அது நடக்கும். பாயின்ட்டிலேயே பொறி பறந்தால் பிளக்குக்குப் போகவேண்டிய பலம் அங்கேயே வீணாகிவிடும். அப்படி ஆகாமல் காப்பது கண்டென்சர். சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்ன உலோகக் குப்பி. உள்ளே மெல்லிய தகடும் காகிதமும் சுருட்டி வைத்திருக்கும். அந்தக் காகிதம் நைந்துபோனால், ஆறியிருக்கும்போது வேலை செய்யும். சூடேறினால் கரண்ட் கசியும். இருப்பதோ பாயின்ட் பெட்டிக்குள், என்ஜினை ஒட்டி. ஆறினால் மறுபடி சரியாகிவிடும். மாலை ஐந்து மணி மெக்கானிக்குக்கு அது எப்படித் தெரியும்?

மஞ்சள் பையிலிருந்து புதுக் கண்டென்சர் ஒன்றை எடுத்தார். பழையதன் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு, புதியதை ஒரு முழ ஒயரில் வெளியே தொங்கவிட்டு, அதன் உடம்பை என்ஜினோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொதிக்கிற வண்டி, உச்சி வெயில். ஒரே உதை; கிளம்பியது.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பாய் திருப்திப்படவில்லை. "இதுவும் உங்க ஈரத் துணி மாதிரி இருந்துட்டா?" என்றார். வண்டியை அணைத்துவிட்டுப் பழைய கண்டென்சரையே திரும்பப் பூட்டினார். உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. மறுபடி புதியது, ஒரே உதையில் கிளம்பியது. "இப்ப ஒத்துக்கலாம்" என்றார்.

பழையதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது கம்பெனி போட்டது இல்ல சார். எந்த வண்டியோடதோ, எவனோ எடுத்து மாட்டியிருக்கான்." இங்கிலாந்தின் குளிரும் குற்றவாளி இல்லை, திருவொற்றியூரும் குற்றவாளி இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ, அவசரத்துக்குக் கிடைத்ததைப் பூட்டி ஓட்டியிருக்கிறார்கள். பழைய வண்டி வாங்குகிறவன் அதோடு சேர்த்து, முன்னால் ஓட்டியவர்களின் அவசரங்களையும் வாங்குகிறான்.

புதுக் கண்டென்சரை என்ஜின் சூடு படாதபடி சீட்டுக்கு அடியில், காயில் பக்கத்தில் பொருத்திக் கொடுத்தார். பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, இடைவெளி வைத்தார். பழைய ஜெட்டைத் திரும்பப் போடச் சொன்னார். கண்டென்சருக்குப் பதினாறு ரூபாய். கூலி பத்து ரூபாய்க்கு மேல் வாங்கவில்லை. அந்த வருடக் கத்திரி முழுக்க வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. கிராமம் அவ்வளவு சுலபமாகச் சரியாகவில்லை. அடுத்த தடவை பதினொன்றேகாலுக்கே போய் ஆலமரத்தடியில் நின்றேன். பெரியவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. வந்தவை முப்பது மாடுகள் இருக்கும். ஊரில் இருந்ததில் கால்வாசி. பிறகு மூன்று தடவை போய்த்தான் பாக்கி மாடுகளுக்குப் போட்டு முடித்தேன். நல்ல வேளை, அந்த இடைவெளியில் வெக்கை அந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் அந்தக் கணக்கில் என் பதினாறு ரூபாயும் இருந்திருக்கும்.

நாடு முழுக்க ஆயிரக்கணக்கானோர் அப்படி ஃபிளாஸ்க்கும் கையுமாக அலைந்ததன் பலன், 1995க்குப் பிறகு இந்தியாவில் வெக்கை நோய் வரவே இல்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதன் ஒழித்த நோய்களில் பெரியம்மைக்கு அடுத்தது அதுதான். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்கு அந்தப் பெரியவரும் பாயும் நினைவுக்கு வந்தார்கள்.

புல்லட்டை 1996இல் விற்றேன். மே மாதத்தில்தான் விற்றேன். வாங்க வந்தவரை மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்லி, முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவைத்து, கண்டென்சர் இருக்கும் இடத்தையும் காட்டிக் கொடுத்தேன். விலையில் அவர் இருநூறு ரூபாய் பேரம் பேசியபோது மறுப்புச் சொல்லவில்லை.

எதிர் வீட்டுப் பையனிடம் கண்டென்சர்தான் என்று நான் சொல்லவில்லை. அவன் வண்டியில் அது காயிலாக இருக்கலாம், டேப்பெட்டாக இருக்கலாம், அவன் சொல்கிற பெட்ரோலாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அவன் பின்னால் உட்கார்ந்து போவதாக ஏற்பாடு. ஒரு கண்டென்சர், ஒரு காயில், ஒரு முழ ஒயர், ஒரு துண்டு எல்லாம் ஒரு மஞ்சள் பையில் எடுத்துவைத்துவிட்டேன். "எழுபத்தோரு வயசுல உச்சி வெயில்ல மோட்டார் சைக்கிளா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். சாயங்காலம் போனால் அது நிற்காதே!